மறுப்பே சாட்சியான கதை

உலகத்தையே வளைத்துப் போட யூதப் பெரியவர்கள் ரகசியக் கூட்டம் போட்டார்களாம். அதன் குறிப்புகள் என்று சொல்லி 1903-ல் ஒரு ரஷ்யப் பத்திரிகை ஒரு தொடரை வெளியிட்டது. 1921-ல் லண்டன் 'தி டைம்ஸ்' நிருபர் பிலிப் கிரேவ்ஸ் குட்டை உடைத்தார். மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மொரீஸ் ஜோலி 1864-ல் எழுதிய நூலில் இருந்து பத்தி பத்தியாகச் சுட்டது அது! ஜோலியின் நூலில் யூதச் சதி என்ற பேச்சே கிடையாது.

பொய் அதோடு செத்ததா? இல்லை. 'போலி என்று பத்திரிகைகள் கத்துவதே இது நிஜம் என்பதற்குச் சாட்சி' என்ற தொனியில் 1925-ல் தன் நூலில் வாதாடினார் ஹிட்லர். அவரது ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒரு மதத்தார் மொத்தமாகச் சதி செய்கிறார்கள் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதைக் காட்டினால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?