பொம்மை வீடு

பொம்மை வீடு என்பது ஒரு வீட்டின் அறைகளையும் அவற்றிலுள்ள பொருட்களையும் ஒரே அளவு விகிதத்தில் சிறிதாக்கிக் காட்டும் மாதிரி ஆகும். இது சிறுவரின் விளையாட்டுப் பொருளாகவும் பெரியவர்களின் கைவினைப் பொழுதுபோக்காகவும் விளங்குகின்றது.

வரலாறு

அறியப்பட்டவற்றுள் பழமையான பொம்மை வீடு, பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58 இல் செய்வித்தது ஆகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ரோனெல்லா ஊர்ட்மான் உருவாக்கிய வீடு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கால டச்சு இல்லங்களின் அமைப்பை அறிய அது உதவுகின்றது. புது தில்லியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான எட்வின் லுட்யன்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக வடிவமைத்த வீடு 1924 இல் நிறைவுற்றது. மின்விளக்கு, குழாய்நீர், இயங்கும் மின்தூக்கி ஆகியவற்றைக் கொண்ட இவ்வீடு வின்சர் கோட்டையில் உள்ளது.

அளவு விகிதம்

பரவலாகப் பின்பற்றப்படும் விகிதம் 1:12 ஆகும். அதாவது ஓர் அடி ஓர் அங்குலமாகக் குறைக்கப்படும். இதன்படி 3 மீட்டர் உயரமுள்ள அறை 25 செ.மீ. ஆகவும், 2.1 மீட்டர் கதவு 17.5 செ.மீ. ஆகவும் அமையும். ஒரு பொருள் விகிதம் தவறினாலும் அறை முழுவதும் இயல்பற்றுத் தோன்றும்.

உள்ளமைப்பு

* மின்கம்பிகள்: சுவர்த்தாள் ஒட்டுவதற்கு முன்பே பதிக்கப்படும்.
* தளம்: ஐஸ் குச்சிகளை அடுக்கி ஒட்டி, தேய்த்து, சாயம் பூசினால் மரத்தளம் போலத் தோன்றும். மரத்தின் ரேகைகள் நுண்மையாக இருத்தல் வேண்டும்; ஏனெனில் பொருள் சிறிதானாலும் ரேகை சிறிதாவதில்லை.
* திரைச்சீலை: சிறிய துணி தன் எடையால் தொங்காது. எனவே நீர் கலந்த பசையில் நனைத்து, மடிப்புகளை ஊசியால் நிறுத்தி உலர்த்துவர்.
* கணப்பு: வெலிங்டன், குன்னூர் போன்ற மலையூர்களில் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் குளிர்காய்வதற்கான கணப்பு உண்டு. அத்தகைய வீட்டின் மாதிரியில், அட்டையை வெட்டி ஒட்டிய செங்கற்களால் கணப்பை அமைத்து, உள்ளே சிறு செந்நிற விளக்கை வைத்தால் தணல் போலத் தோன்றும்.

தமிழர் வழக்கில்

தமிழ்நாட்டில் மரம், மண், பித்தளை, மாக்கல் ஆகியவற்றாலான சொப்புச் சாமான்கள் சிறுமியரின் விளையாட்டிலும் நவராத்திரிக் கொலுவிலும் இடம்பெறுகின்றன. இவை பொதுவாக ஒரே விகிதத்தில் அமைவதில்லை. குடமும் அடுப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கலாம். எனினும் மின் அரைப்பான்கள் வந்தபின் பல வீடுகளில் வழக்கொழிந்த அம்மி, ஆட்டுக்கல், திருகை ஆகியன சொப்புகளில் இன்றும் காணப்படுகின்றன. பழைய வீடொன்றை, அது இடிக்கப்படுமுன் அளந்து அதே விகிதத்தில் செய்யப்படும் பொம்மை வீடு, அவ்வீட்டில் வாழ்ந்த முறைக்கு ஓர் ஆவணமாகவும் அமையும்.