துக்கக் குளியும் ஓய்வுநாள் குளியும்: யூதச் சட்டத்தையும் நாஞ்சில் நாட்டுப் புலைமுறையையும் முன்வைத்து

யூத நாட்காட்டியில் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் துக்க நோன்பு நாள். எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்ததன் நினைவாக அன்று உணவும் நீரும் விலக்குகிறார்கள். குளிப்பதில்லை, எண்ணெய் பூசுவதில்லை, தோல் காலணி அணிவதில்லை, தம்பதியர் கூடுவதில்லை. நோன்பு வியாழக்கிழமையில் வந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. 2020 ஜூலை 30-ஆம் தேதியும் 2023 ஜூலை 27-ஆம் தேதியும் அப்படித்தான் வந்தன. ஆலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது ஒன்பதாம் நாள் மாலையில். அது பத்தாம் நாள் முழுதும் எரிந்தது என்கிறது யூத ரபிகளின் பெருநூலான தால்முது. தாம் அந்தத் தலைமுறையில் இருந்திருந்தால் நோன்பைப் பத்தாம் நாளுக்கே வைத்திருப்பேன் என்று ரபி யோகனான் கூறியதையும் அது பதிவு செய்கிறது. ஆகவே பத்தாம் நாளிலும் துக்கத்தின் மிச்சம் இருக்கிறது. பத்தாம் நாளான அந்த வெள்ளிக்கிழமை மாலையிலோ ஓய்வுநாள் பிறந்துவிடும். ஓய்வுநாளை வரவேற்க வெந்நீரில் உடல் கழுவுவது கடமை. இரண்டில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

1565-இல் வெனிசில் அச்சேறிய யோசேப் காரோவின் சட்டத்தொகுப்பு பத்தாம் நாளுக்கு இறைச்சியையும் மதுவையும் விலக்கும் வழக்கத்தை மட்டுமே சொல்கிறது. கிராகோவைச் சேர்ந்த மோசே இஸ்ஸர்லேஸ் அதை நண்பகல் வரை என்று வரையறுத்தார். குளியல், முடிவெட்டு, துணி வெளுப்பு ஆகியவற்றையும் பின்வந்த அஸ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய யூத) ஆசிரியர்கள் இவ்விலக்கில் சேர்த்தார்கள். ஆனால் பத்தாம் நாள் வெள்ளிக்கிழமையானால், ஓய்வுநாளின் மதிப்புக்காகக் காலையிலேயே குளிக்கலாம் என்பது பரவலான தீர்ப்பு. நண்பகல் வரை பொறுப்பது மேல் என்போரும் உண்டு.

இந்த அனுமதியைச் சுகாதாரம் என்று விளக்குவது எளிது. கோடையில் ஆப் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் துக்கத்தால் சரியாகக் குளிக்காதவர் உடல் கழுவட்டும் என்று சட்டம் இரங்கியது என்பார்கள். இது பொருந்தாது. நோன்பு செவ்வாயன்று வந்தாலும் வியர்வை அதேதான். எனினும் புதன் காலையில் அஸ்கெனாசி வழக்கம் குளிக்க விடுவதில்லை. துக்கம் பத்தாம் நாளில் தளர்ந்துவிட்டது என்னும் விளக்கமும் நிற்காது. தளர்ந்திருந்தால் அதே வெள்ளிக் காலையில் இறைச்சியும் மதுவும் விலக்கப்பட்டே இருக்க வேண்டியதில்லையே. அனுமதி வருவது குளிப்பவரின் தேவையிலிருந்து அல்ல, வரப்போகும் நாளின் உரிமையிலிருந்து. தால்முதின் அடிநூலான மிஷ்னாவிலேயே இதற்கு வேர் இருக்கிறது: நோன்பு விழும் வாரத்தில் முடிவெட்டும் வெளுப்பும் கூடாது, வியாழனன்று மட்டும் ஓய்வுநாளின் மதிப்புக்காக ஆகலாம் என்று அது விதிக்கிறது.

குளியலில் எது கட்டாயம், எது விலக்கு என்று பிரிப்பது நாஞ்சில் நாட்டுத் துட்டி (சாவு) வீடுகளை அறிந்தவர்களுக்குப் பழக்கமானது. சுடுகாட்டிலிருந்து திரும்புவோர் ஆற்றிலோ குளத்திலோ உடுத்த துணியோடு முங்கிவிட்டுத்தான் வீடு சேர்வார்கள். அந்த முழுக்கு கட்டாயம். அதே வீட்டில் பதினாறாம் நாள் அடியந்திரம் முடியும்வரை தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. சனி நீராடும் வழக்கம் உள்ள ஆண்களும், வெள்ளிதோறும் எண்ணெய் தேய்க்கும் பெண்களும் அதை விட்டுவிடுவார்கள். ஆடி அமாவாசையில் கன்னியாகுமரிக் கடலில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து முங்குபவரும் அன்று எண்ணெய் தொடுவதில்லை. துக்கம் நீரை விலக்கவில்லை, சுகத்தை விலக்குகிறது. யூதச் சட்டமும் இதையே வேறு கோட்டில் பிரிக்கிறது. கையில் சேறு பட்டால் நோன்பு நாளிலும் கழுவலாம். சுகத்துக்காகக் கழுவுவதே குற்றம். அங்கே பெரும்பாலும் வெந்நீர் எல்லைக்கோடு, இங்கே எண்ணெய். மனைவி இறந்த முதல் இரவிலேயே குளித்த யூத அறிஞர் ரபான் கமாலியேல், தம் உடல் மற்றவர்களுடையது போன்றதன்று, மென்மையானது என்று மாணவர்களுக்குச் சொன்ன விடை இந்தப் பகுப்பில்தான் பொருள்படும். அவருக்கு அது சுகம் அல்ல, தேவை.

இதுவரை இரு மரபுகளும் சேர்ந்தே நடக்கின்றன. பிரிவது விழாவில். நாஞ்சில் நாட்டில் சாவு நிகழ்ந்த வீட்டுக்கு அந்த ஆண்டு ஓணம் இல்லை, தீபாவளி இல்லை. விடியலில் எல்லா வீட்டிலும் எண்ணெய் தேய்க்கும் நாளில் அந்த வீடு மட்டும் ஒதுங்கியிருக்கும். சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடும். துக்கத்தில் இருப்பவர் வடம் பிடிக்க மாட்டார். ஊருக்கு விழா உண்டு, துக்க வீட்டுக்கு இல்லை என்பதே இங்குள்ள தீர்வு. தேரின் ஓட்டமும் குறைவதில்லை, வீட்டின் துயரமும் குறுக்கப்படுவதில்லை. இதை நான் இரக்கமுள்ள தீர்வாகவே காண்கிறேன்.

யூதச் சட்டத்துக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. பலருக்கான கட்டளை ஒருவருக்கான கட்டளையை விலக்கும் என்று தால்முது சொல்வதால், பெருவிழா வந்தால் ஏழுநாள் துக்கம் அத்தோடு அறுந்துவிடுகிறது. ஓய்வுநாள் அதை அறுப்பதில்லை. ஏழில் ஒன்றாக எண்ணப்பட்டுக்கொண்டே வெளித்தெரியும் துக்கத்தை மட்டும் நிறுத்திவைக்கிறது. ஆனால் ஆப் ஒன்பதோ ஒருவருடைய துக்கம் அன்று, ஒரு மக்கள் முழுவதின் துக்கம். ஓய்வுநாளும் அந்த மக்கள் முழுவதற்கும் உரியது. எனவே பலருக்கு முன் ஒருவர் விலக வேண்டும் என்ற விதி இங்கே உதவாது. ஒதுங்கி நிற்க யாரும் மிச்சமில்லை. ஒன்பதாம் நாள் ஓய்வுநாளிலேயே விழுந்தால் நோன்பு ஞாயிறுக்குத் தள்ளப்படுவதும் இதனால்தான். 2022-இல் ஆகஸ்ட் 6 சனியன்று வந்த நாளுக்கான நோன்பு மறுநாள் நோற்கப்பட்டது.

தனிமனிதத் துக்கம் முழுவலிமையோடு இருக்கும்போது சட்டம் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை என்பதும் இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. தாயையோ தந்தையையோ அடக்கம் செய்து ஏழு நாளுக்குள் இருப்பவர் ஓய்வுநாளுக்காக உடை மாற்றுவார். முகமும் கையும் காலும் தண்ணீரில் கழுவுவார். உடல் முழுதும் வெந்நீரில் குளிக்க மாட்டார். பத்தாம் நாள் வெள்ளியில் இருப்பவரின் நோன்பு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, அவரிடம் எஞ்சியிருப்பது வழக்கம் மட்டுமே. அதனால்தான், வெள்ளிதோறும் முகம் கை கால் கழுவ ரபி யூதா பார் இலாயிக்குக் கொண்டுவரப்பட்டதாகத் தால்முது சொல்லும் வெந்நீர்ப் பாத்திரம், அந்த வெள்ளிக்கிழமையும் அடுப்பிலிருந்து இறக்கப்படலாம்.