உயர்திறன் மாதிரி ரொக்கெட்

உயர்திறன் மாதிரி ரொக்கெட் என்பது, தொழிற்சாலையில் செய்து சான்றளிக்கப்பட்ட திண்ம எரிபொருள் மோட்டரைப் பொருத்தி, கடதாசிக் குழாய், ஒட்டுப்பலகை, கண்ணாடியிழை முதலிய இலேசான பொருள்களால் தனியாளோ சிறு குழுவோ கட்டிப் பறக்கவிடும் ரொக்கெட் ஆகும். எரிபொருள் 125 கிராமைத் தாண்டினாலும், முழு எடை 1,500 கிராமைத் தாண்டினாலும், மோட்டரின் சராசரி உதைப்பு 80 நியூட்டனை மிஞ்சினாலும் அது உயர்திறன் வகையைச் சேரும். திருவிழா வாணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு மீட்பு. வாணம் மேலே போய் எரிந்து முடிந்துவிடும். இது பரசூட்டில் இறங்கி, புதிய எரிபொருள் ஏற்றப்பட்டு மறுபடி பறக்க வேண்டும். திரும்பி வராத ரொக்கெட் எவ்வளவு உயரம் போனாலும் தோல்வியாகவே கணக்கிடப்படுகிறது.

வரலாறு

இலங்கையின் சப்ரகமுவைத் தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டு மண்ணில்தான் ரொக்கெட் வரலாற்றின் முக்கியமான ஒரு நாள் நிகழ்ந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில், 1780 செப்டெம்பர் 10 அன்று, கேணல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பனிப் படையை ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் முறியடித்தனர். அன்று மைசூர்ப் படையினர் ஏவிய வாணங்கள் மூங்கில் குழாயிலோ கடதாசிக் குழாயிலோ செய்யப்பட்டவை அல்ல. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, நீண்ட மூங்கிலில் கட்டப்பட்டவை. இந்த இரும்புதான் அடிப்படை மாற்றம். கடதாசிக் குழாய் தாங்காத அமுக்கத்தை இரும்பு தாங்கியது. அமுக்கம் கூடியதால் உதைப்பும் தூரமும் கூடின. மூங்கில் கழி வாலாக நின்று திசையைக் காத்தது. இன்றைய மாதிரி ரொக்கெட்டில் செட்டைகள் செய்யும் வேலையை அன்று அந்தக் கழி செய்தது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபின், கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதசாலைக்குப் போயின. அவற்றிலிருந்து பிறந்ததே வில்லியம் கொங்ரீவின் ரொக்கெட். அது 1806இல் பூலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் கோப்பன்ஹேகன் நகரத்தின் மீதும் ஏவப்பட்டது. மைசூர் வாணத்தின் எச்சங்கள் இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பழைய கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் கிடைத்தன.

இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பயிற்சிக்காக அமெரிக்காவின் வொலொப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போனபோது, வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வாணப்படையைக் காட்டும் ஓவியம் மாட்டியிருந்ததைக் கண்டு தன்வரலாற்றில் எழுதியுள்ளார். 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியா ஏவிய முதல் ஆய்வு ரொக்கெட் அமெரிக்க நைக்கி-அப்பாச்சி வகையைச் சேர்ந்தது. இலங்கையின் முதற் செய்மதியான ‘இராவணா 1’ விண்ணுக்குப் புறப்பட்டதும் அதே வொலொப்ஸ் தீவிலிருந்துதான், 2019 ஏப்ரலில்.

பொழுதுபோக்காக வளர்ந்த மாதிரி ரொக்கெட்டின் பிறப்பிடம் அமெரிக்கா. நெப்ராஸ்கா மாநிலத்து நோர்போக் நகரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் வாணக்கலையில் ஆர்வமுள்ளவர். சகோதரர் ரொபர்ட் மாதிரி விமானம் பறக்கவிடுபவர். 1954இல் இருவரும் கடதாசிக் குழாயும் பரசூட்டும் கொண்ட முதல் மாதிரி ரொக்கெட்டை உருவாக்கினர். 1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் செய்மதி மேலே போனதும் நாடெங்கும் சிறுவர்கள் வீட்டு நிலவறைகளில் மருந்து அரைத்துக் குழாயில் அடைக்கத் தொடங்கினார்கள். கைகள் சிதைந்தன, உயிர்களும் போயின. வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஜி. ஹரி ஸ்டைன், கார்லைல் சகோதரர்களின் ஆயத்த மோட்டரே இதற்குத் தீர்வு எனக் கண்டார். மருந்தை எவரும் கையால் தொடக் கூடாது, மோட்டர் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும் என்ற விதி அப்போது பிறந்தது. வேர்னன் எஸ்டெஸ் செய்த ‘மேபல்’ என்ற இயந்திரம் 5.5 செக்கனுக்கு ஒரு மோட்டர் வீதம் தள்ளியபோது அந்த விதி நடைமுறைக்கும் வந்தது. பிள்ளைகளின் விரல்களைக் காப்பாற்றிய இயந்திரம் என்று அதைச் சொல்வது மிகையாகாது.

அதே காலத்தில், மேற்கு வேர்ஜீனியாவின் கோல்வூட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், ஹோமர் ஹிக்கமும் நண்பர்களும் சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து ரொக்கெட் ஏவி, 1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றனர். குடியிருந்த வீடும் சாமான் வாங்கிய கடையும் சுரங்கக் கம்பனிக்குச் சொந்தமான ஊர் அது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த வாசகருக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

வகுப்புகள்

மோட்டர்கள் மொத்தக் கணத்தாக்கின்படி (சராசரி உதைப்பை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு) எழுத்தால் வகுக்கப்படுகின்றன. ‘ஏ’ வகுப்பின் உச்சம் 2.5 நியூட்டன் செக்கன். அடுத்த ஒவ்வோர் எழுத்துக்கும் இது இரட்டிக்கும்: ‘பி’ 5, ‘சி’ 10, ‘டி’ 20. இப்படியே போய் ‘ஜீ’ 160இல் நிற்கும். ‘எச்’ (320) முதல் உயர்திறன். பறக்கவிடுபவருக்கு ‘எச்’, ‘ஐ’ ஆகியவற்றுக்கு முதல் நிலைச் சான்றும், ‘ஜே’ முதல் ‘எல்’ வரை இரண்டாம் நிலையும், ‘எம்’ முதல் ‘ஓ’ வரை மூன்றாம் நிலையும் வேண்டும். ‘ஓ’ வகுப்பின் உச்சம் 40,960. எழுத்தை அடுத்து வரும் எண் சராசரி உதைப்பு. ‘ஐ-200’ என்றால் 200 நியூட்டன் உதைப்புடன் 1.6 முதல் 3.2 செக்கன் வரை எரியும். ரொக்கெட்டின் எடையைப் போல் மூன்று மடங்கு உதைப்பாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இந்த மோட்டர் ஏறத்தாழ 6.8 கிலோகிராம் வரைதான் தூக்கலாம்.

கட்டுதலும் ஏவுதலும்

ரொக்கெட்டின் பாகங்கள் அடங்கிய பெட்டியில் மூக்குக்கூம்பு, உடற்குழாய், மோட்டர்க் குழாய், அதை நடுவில் நிறுத்தும் வளையங்கள், செட்டைகள், அதிர்ச்சி தாங்கும் நாடா, பரசூட் ஆகியவை வரும். செட்டைகள் உடற்குழாயின் பிளவு வழியே உள்ளே போய் மோட்டர்க் குழாயில் ஒட்டப்பட வேண்டும். வெளித்தோலில் மட்டும் ஒட்டிய செட்டை உயர்திறன் வேகத்தில் பிய்ந்துவிடும். மூட்டுகளில் எபொக்சிப் பசையைக் குழிவாக இழுத்துவிடுவதே தேர்ந்த கையின் அடையாளம்.

நேராகப் பறப்பதற்குப் புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்துக்கு (காற்றின் விசை திரண்டு தாக்கும் புள்ளிக்கு) முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டமளவு தள்ளி இருக்க வேண்டும். அமுக்க மையத்தைக் கணக்கிடும் எளிய சமன்பாடுகளை ஜேம்ஸ் பரோமன் 1966இல் தந்தார். கணக்கு பிசகினால் மூக்கில் எடை சேர்ப்பது வழக்கம்.

உச்சியை அடைந்ததும் உயரமானி சிறு மருந்தைக் கொளுத்தி ரொக்கெட்டை இரண்டாகப் பிரிக்கும். முதலில் சிறு பரசூட்டும், தரைக்குச் சில நூறு மீற்றர் மேலே பெரிய பரசூட்டும் விரியும். ஏவுவது மின் தீமூட்டியால் மட்டுமே. ‘எச்’ முதல் ‘ஜே’ வரை 30 மீற்றரும், ‘எம்’ வகுப்புக்கு 150 மீற்றரும் ஆட்கள் விலகி நிற்க வேண்டும். காற்று மணிக்கு 32 கிலோமீற்றரைத் தாண்டினால் ஏவக் கூடாது.

தற்கால நிலை

தமிழ்நாட்டில் 2023 பெப்ரவரி 19 அன்று பட்டிபுலத்திலிருந்தும், 2024 ஓகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்தும் மாணவர்களின் சிறு செய்மதிகளைச் சுமந்த கலப்பின ரொக்கெட்டுகள் ஏவப்பட்டன. இரண்டாவதன் பெயர் ‘ரூமி 1’.

சப்ரகமுவைத் தோட்டங்களில்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலம் உயர்திறன் ரொக்கெட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. ஏவுகளத்தின் குறுகிய பக்கம் எதிர்பார்க்கும் உயரத்தில் பாதியாகவோ 457 மீற்றராகவோ, இவற்றில் எது பெரிதோ அவ்வளவு இருக்க வேண்டும். மலைச் சரிவை வெட்டி எடுத்த தோட்டத்து விளையாட்டு மைதானம் உதைபந்தாட்டத்துக்குப் போதும், இதற்குப் போதாது. மைதானத்தைத் தாண்டினால் தேயிலைச் சரிவு, அல்லது பரசூட்டைப் பிடித்துக்கொண்டு விடாத இறப்பர் மரங்கள். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. சனவரி, பெப்ரவரி மாதங்களே ஓரளவு உலர்ந்தவை. வெடிமருந்துகள் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், மோட்டரைத் தபாலில் தருவித்துக்கொள்ளும் வழியும் கிடையாது.

இங்குள்ள பாடசாலைகளுக்குக் கைவசம் உள்ளது தண்ணீர் ரொக்கெட். மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் இதை மாணவரிடையே போட்டியாக வளர்த்து வருகிறது. இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஐந்து மடங்கு காற்றடைத்தால், தண்ணீர் செக்கனுக்குச் சராசரியாக 25 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பீறிடும். கணத்தாக்கு ஏறத்தாழ 15 நியூட்டன் செக்கன், அதாவது ‘டி’ வகுப்பு. மருந்துமில்லை, அனுமதிப்பத்திரமும் வேண்டாம். செட்டைக்குக் காட்போட் அட்டை போதும். போத்தல் மேலே போய்க் கரணமடித்தால், பரோமன் சமன்பாடு சொல்லும் திருத்தமே இதற்கும்: மூக்கில் இன்னொரு உருண்டை களிமண்.