செவிக்கும் கண்ணுக்குமான நூல்: சோவியத் சிறுவர் படநூல், 1917–1937

வாசிக்கத் தெரியாத ஒருவருக்காக அச்சிடப்படுவது என்ற வகையிற் குழந்தைகளுக்கான படநூல் ஏனைய நூல்களினின்றும் வேறுபட்டது. அதன் எழுத்தைப் பெரியவரின் குரல் குழந்தையிடம் கொண்டுசேர்க்கின்றது. படத்தைக் குழந்தையின் கண் நேரே பற்றிக்கொள்கின்றது. இவ்வடிவத்தின் வரலாற்றில் 1917 முதல் 1937 வரையான ருஷ்ய அனுபவம் தனித்து நோக்கத்தக்கது. குழந்தைக்குக் கற்பனை வேண்டுமா என்ற வினா அங்கு அரசியல் வினாவாகவே எழுந்தது.

கோர்னெய் சுக்கோவ்ஸ்கியின் ‘முதலை’ என்னும் கதைப்பாடல் 1917 இல் வெளிவந்தது. நோயுற்ற தம் மகனைப் புகைவண்டியில் அழைத்துவருகையில், அவனை அமைதிப்படுத்தும்பொருட்டு வண்டியோட்டத்தின் தாளத்துக்கேற்ப அதனைச் சொல்லத் தொடங்கியதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். எழுதப்படுமுன் குரலிற் பிறந்த படைப்பு அது. நகரத் தெருவில் உலாவும் முதலையையும் அதனை எதிர்த்துநிற்கும் சிறுவனையும் அறிவுரை ஏதுமின்றி அது காட்டியது.

1922 இல் லெவ் கிளியாச்கோ பெற்றோகிராட்டில் ‘ராதுகா’ (வானவில்) என்னும் தனியார் பதிப்பகத்தை நிறுவினார். 1925 இல் சாமுவில் மர்ஷாக்கின் பாடல்களும் விளாடிமிர் லெபெதேவின் படங்களும் இணைந்து ‘சர்க்கஸ்’, ‘ஐஸ்கிறீம்’, ‘நேற்றும் இன்றும்’ ஆகிய நூல்களாயின. புரட்சிக்காலச் சுவரொட்டிகளை வரைந்து பழகிய லெபெதேவ், தட்டையான வர்ணங்களாலும் வெண்ணிற வெற்றிடத்தாலும் பக்கங்களை அமைத்தார். கல்லச்சிற் பதித்த சில தாள்களே கொண்ட இந்நூல்கள் மலிவானவை. எழுத்தறியாமையை ஒழிக்கும் ஆணை 1919 டிசெம்பரிற் பிறப்பிக்கப்பட்டிருந்த நாட்டில், புதிதாக எழுத்தறிந்த பெற்றோருக்கும் இவற்றின் குறுகிய அடிகள் உரக்க வாசிக்க எளிதாயிருந்திருக்கும் எனக் கருதலாம்.

1928 இல் வெளியாகி, பின்னர் ‘இரண்டிலிருந்து ஐந்துவரை’ எனப் பெயர்பெற்ற ஆய்வில், சுக்கோவ்ஸ்கி இக்கலைக்கு இலக்கணம் வகுத்தார். குழந்தைப் பாடலின் ஒவ்வொரு கண்ணியும் ஓவியர் வரையத்தக்க காட்சியொன்றைத் தரவேண்டும். காட்சிகள் விரைந்து மாறவேண்டும். ஓசை நாவுக்கு இனிமையாயிருத்தல் வேண்டும் என்றார். தலைகீழான செய்தியைக் கேட்டுக் குழந்தை சிரிப்பது, நேரான ஒழுங்கை அது அறிந்திருப்பதனாலேயே என்பதும் அவர் வாதம்.

அதே ஆண்டு பெப்ரவரியில், லெனினின் துணைவியாரும் கல்வித்துறைத் தலைவர்களுள் ஒருவருமான நதேஷ்டா குரூப்ஸ்காயா ‘பிராவ்தா’ பத்திரிகையில் ‘முதலை’யைக் கடுமையாகச் சாடினார். முதலையின் உண்மை வாழ்வை அறியவேண்டிய குழந்தைக்கு அபத்தமே ஊட்டப்படுகின்றது என்பது அவர் குறை. வறுமையும் அறியாமையும் நிறைந்த நாட்டைக் கட்டியெழுப்ப முனைந்த ஒருவரின் கவலை இது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாக்சிம் கோர்க்கி சுக்கோவ்ஸ்கிக்காகப் பரிந்து எழுதினார். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1929 டிசெம்பரில் தம் கதைப்பாடல்களைத் தாமே மறுத்து அறிக்கை விடும் நிலைக்குச் சுக்கோவ்ஸ்கி தள்ளப்பட்டார்.

அறிவும் கற்பனையும் பகையல்ல என்பதற்கு ‘நேற்றும் இன்றும்’ நூலே சான்று. எண்ணெய் விளக்கும் மின்குமிழும் அதிலே மனிதர்போல் வாதிடுகின்றன. புதிய தொழில்நுட்பத்தைக் குழந்தைக்கு உணர்த்துவது அங்கு கற்பனையே.

1933 இல் சிறுவர் நூல்களுக்கென அரசுப் பதிப்பகம் உருவாயிற்று. ஆதரவளித்த அரசே பின்னர் கழுத்தையும் நெரித்தது. 1936 மார்ச்சில் ‘பிராவ்தா’ லெபெதேவின் படங்களை வெறுங் கிறுக்கல் எனத் தாக்கியது. 1937 இல் மர்ஷாக் வழிநடத்திய லெனின்கிராட் ஆசிரியர் குழு சிதறடிக்கப்பட்டது, பலர் கைதாயினர். குழந்தைகளுக்கு அறிவியலைச் சுவைபட எழுதிய பௌதிகவியலாளர் மத்வேய் பிரொன்ஷ்டைன், சுக்கோவ்ஸ்கியின் மருமகன், 1938 பெப்ரவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். பயனுள்ள அறிவைத் தந்தவரும் தப்பவில்லை என்பதை நோக்குமிடத்து, பூசல் இறுதியிற் கற்பனையைப் பற்றியதாக இருக்கவில்லை, அதிகாரத்தைப் பற்றியதே என்பது புலனாகும்.

பிற்காலத்தில் மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982 இல் பழைய பெயரோடு புதிதாய்த் தோன்றிய ராதுகா பதிப்பகமும் தமிழிலும் நூல்களை வெளியிட்டன. அவற்றின் வண்ணப் படங்களை வியந்து நோக்கியோர், அம்மரபு கடந்துவந்த இடரையும் அறிதல் வேண்டும். 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. சுக்கோவ்ஸ்கியின் பாடல்களோ ருஷ்ய வீடுகளில் இன்றும் குழந்தைகளுக்கு வாசிக்கப்படுகின்றன. நூலைத் தடைசெய்தல் ஆணைக்கு இயலும். தாயும் தந்தையும் மனனஞ்செய்துவிட்ட பாட்டைத் தடைசெய்தல் அதற்கு இயலாது.