ஆட்டிசம் உள்ள வயதுவந்தோரின் தன்னுரிமைக் குரல்: கொல்கத்தா

ஆட்டிசம் உள்ள ஒருவர், தமது வாழிடம், வேலை, சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிய விருப்பத்தைத் தாமே தெரிவித்து, வேண்டிய துணையைக் கேட்டுப் பெறுவது தன்னுரிமைக் குரல் எனப்படும். 1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்கிளேர் முதலியோர் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் இதன் முன்னோடி அமைப்புகளுள் ஒன்று. கொல்கத்தாவிலோ பெற்றோரின் முயற்சியே முதலில் வேரூன்றியது. ஆட்டிசம் சொசைட்டி வெஸ்ட் பெங்கால் அவ்வாறு உருவானதே. அங்கே 1974இல் சுதா கௌல் தொடங்கி, இன்று இந்தியப் பெருமூளை வாத நிறுவனம் எனப்படும் அமைப்பு, படங்களாலும் கருவிகளாலும் கருத்தைப் புலப்படுத்தும் மாற்றுத் தொடர்பு முறைகளைப் பரப்பியது. பேச்சு வராதவருக்கும் கருத்து உண்டு என்பதற்கு இம்முறைகளே சான்று.

சட்டத்தில் ஓர் இழுபறி நீடிக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளவர் 18 வயதைக் கடந்த பின்னரும் அவருக்குக் காப்பாளரை நியமிக்க உள்ளூர்க் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பிறருக்கு நிகரான சட்டத் தகுதியை ஏற்று, காப்பாளரும் அவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மையை முன்வைக்கிறது. பின்னதே தன்னுரிமைக்கு உகந்தது; ஆயினும் வங்கிக் கணக்கு, சொத்து போன்றவற்றுக்காகக் குடும்பங்கள் முன்னதை நாடுகின்றன.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவை ஏற்கிறது. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 1 விழுக்காடு உரியது.