பீத்துணிக்கும் வரலாறு உண்டு

பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று பெண்கள் பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. போர்வை இரண்டு, மெத்தை ஒன்று, கொசுவலை, குல்லா, காலுறை, துடைக்கிற துண்டு அரை டஜன். பருத்தியா கம்பளியா, சாயம் போகுமா போகாதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். பிள்ளைக்கு எது மெத்தென்று இருக்கும் எனத் தேடுவதில் என்ன தப்பு? என் கேள்வி வேறு. தேர்ந்தெடுப்பது என்கிற வார்த்தை யாருடைய வீட்டுக்குள் எப்போது வந்தது? எங்கள் தெருவில் எனக்கு முந்திய எந்தத் தாயும் பிள்ளைக்குத் துணி தேர்ந்தெடுத்ததில்லை. இருந்ததைக் கிழித்தார்கள். கிழித்தது எது, அது எப்படி வீட்டுக்கு வந்தது, மற்றது ஏன் வரவில்லை என்பதற்கெல்லாம் வரலாறு இருக்கிறது. நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றி, கோயில் நுழைவைப் பற்றி நம் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் போர்த்திய துணி மட்டும் பொம்பளைச் சமாச்சாரமாக ஒதுங்கிக் கிடக்கிறது.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் மழையை நம்பிக் கிடக்கும் கரிசல்காட்டுக் கிராமம். என் பாட்டி ஏழு பெற்று மூன்றைக் காப்பாற்றியவள். அன்றைக்கு ஒரு பொம்பளைக்கு எத்தனை துணி என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டே சீலதான். ஒண்ண உடுத்திக்கிட்டு ஒண்ணத் தொவைக்கணும். அதுல ஒண்ணு கிழிஞ்சாத்தான் புள்ளைக்குத் துணி. கிழியலன்னா புள்ளைக்கு ஏது?" என்றாள்.

அந்தச் சேலை போன வழியை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முதலில் நல்லது கெட்டதுக்கு உடுத்துவது. நிறம் மங்கியதும் காட்டு வேலைக்கு. கொசுவத்தில் கிழிந்ததும் இரண்டாக்கி, பலமுள்ள பாதி தொட்டிலுக்கு. வேறு ஊர்களில் இதைத் தூளி என்பார்கள், ஏணை என்பார்கள். வீட்டு விட்டத்திலும் கட்டலாம், களையெடுக்கிற காட்டில் வேப்பங்கிளையிலும் கட்டலாம். நைந்த பாதி பிள்ளைக்குக் கீழே விரிப்பு, மேலே போர்வை. அதுவும் கந்தலானால் பீத்துணி. அதற்கும் பிறகு வீட்டுக்கு விலக்கான நாட்களில் தாய்க்கு. கடைசியில் அடுப்படியில் கரித்துணி. "சீலைக்கு நம்ம வீட்டுல ஏழு பிறவி ஏட்டி" என்று சிரித்தாள். மார்கழிப் பனிக்குச் சாக்கை உதறிப் போட்டு அதன்மேல் சேலையை மடித்து விரித்துப் பிள்ளையைக் கிடத்துவார்கள். அந்தச் சாக்கும் பண்ணை வீட்டில் ஓட்டை விழுந்து கழித்துப் போட்டதுதான்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய துணிதான் போட வேண்டும் என்பார்கள். சாதி இந்து வீடுகளிலும் அந்தப் பேச்சு உண்டு. இதில் அறிவும் இருக்கிறது. பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்தி, பிள்ளையின் தோலை உறுத்தாது. வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் சுத்தம். இது நம் தாய்மார்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தது. ஆனால் அந்த வீடுகளில் நாள் கழிந்து பேர் விட்டதும் பெட்டியைத் திறந்து பட்டுச் சட்டை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் திறக்கப் பெட்டி இல்லை. இன்று சிலர் தூளியையும் பழஞ்சேலையையும் 'நம் பாரம்பரியம்' என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு சேலையில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தவளுக்கு அது பாரம்பரியமா, பஞ்சமா என்று அவளைக் கேட்டுவிட்டுக் கொண்டாடட்டும்.

புதுத்துணியைக் கோடித்துணி என்கிறோம். எங்கள் தெருவில் ஒரு ஆளுக்குக் கோடி கட்டாயம் வந்து சேரும் நாள் அவன் செத்த நாள். சம்பந்திகளும் பங்காளிகளும் பிணத்தின்மேல் கோடி போடுவார்கள். கடன் வாங்கியாவது போடுவார்கள். பிறந்தவனுக்குப் பழசு, செத்தவனுக்குப் புதுசு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடு இருந்தபோது உடுத்த விடாத ஊருக்கு முன்னால், ஒருநாளாவது எங்கள் மனுசன் புதுத்துணியில் போகட்டும் என்கிற வீம்பு அதில் இருக்கிறது.

உடுத்த விடவில்லை என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்ற ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

இந்த எட்டில் குழந்தை என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கண்ணால் இதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பிள்ளைக்கு முதல் போர்வை எது? தாயின் முந்தானை. பால் குடிக்கும்போது மூடுவதும் அதுதான், வெயிலில் தலைக்கு மறைப்பதும் அதுதான், மழையில் பொத்திக்கொண்டு ஓடுவதும் அதுதான். மாராப்புப் போடக் கூடாதென்றால் அவள் பிள்ளைக்கு முந்தானை ஏது? ஆதிக்கச் சாதியின் சட்டம் தாயின் மார்போடு நிற்கவில்லை, அங்கே ஒட்டிக்கிடந்த சிசுவின் முதுகிலிருந்தும் துணியை உருவியது. அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரர் மாட்டை மட்டும் மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம். தொட்டிலில் கிடந்தவனுக்கு வேலையும் அப்போதே குறித்தாகிவிட்டது.

மறைக்கவிட்ட இடத்திலும் அளவு வைத்தார்கள். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859-இல் திருவிதாங்கூர் அரசு போட்ட உத்தரவு, நாடார் பெண்கள் முரட்டுத் துணியால் மேலுடம்பை மறைக்கலாம் என்றது, உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது என்றது. மெல்லிய துணி எந்த உடம்புக்கு, முரட்டுத் துணி எந்த உடம்புக்கு என்று அரசாங்கமே பிரித்துக் கொடுத்தது.

அந்தத் துணியைத் துவைத்த கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவத்துணி தீட்டு என்றார்கள். சாதி இந்துக்களின் தீட்டுத்துணியை வண்ணார் எடுத்துப்போனார்கள். எங்கள் துணிக்கென்று புதிரை வண்ணார் இருந்தார்கள். 1932 டிசம்பரில் 'இந்து' நாளேட்டில் திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணாரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அவர்களைக் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர விடவில்லை, நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் துவைத்தார்கள் என்றது அச்செய்தி. இருட்டில் நம் பிள்ளையின் பீத்துணியை அலசிய கை, நமக்கும் கீழே வைக்கப்பட்ட கை. அதற்கு நாம் கொடுத்தது ராச்சோறு. 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மிடையே விவாதம் எழுந்தது. 2009-இல் அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. அந்தத் துணி துவைத்தவள் தன் பிள்ளைக்கு எதைப் போர்த்தினாள் என்பதை அவளே சொல்லி எழுதாதவரை இந்த வரலாறு பாதிதான்.

இனி கம்பளிக்கு வருகிறேன். கரிசல்காட்டில் நாங்கள் கம்பளியை நினைத்ததுகூட இல்லை. என் பாட்டியின் தங்கச்சி, எங்கள் சின்னப்பாட்டி, வாக்கப்பட்டுக் கண்டிச்சீமைக்குப் போனவள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், 1867-க்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் சனங்கள் கங்காணிக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். அந்தக் குளிரில் போர்வை இல்லாமல் உயிர் தங்காது. ஆகவே தோட்டம் கம்பளி கொடுத்தது. இனாமாக இல்லை. அரிசியைப் போலவே கம்பளியையும் பேரில் பற்று எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் கணக்கில் எழுதிய 'கம்ப்ளி' என்ற சொல் நம் கம்பளிதான். சொல்லை இனாமாக எடுத்துக்கொண்டு துணியைக் கடனாகக் கொடுத்தார்கள். கடனைச் சுமந்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றிய துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.

சின்னப்பாட்டி சொல்வாள்: "ஒரு கம்பளிக்குள்ள நாலு உசுரு. ராத்திரி புள்ளைக்குப் போத்துற கம்பளியத்தான் விடியக் காலையில தலையில போட்டுக்கிட்டுக் கொழுந்துக்குப் போவணும். மழையில நனஞ்சு கனத்துப் போயி வரும். அடுப்புக்கிட்ட விரிச்சா காயாது. பாதி ஈரத்தோட புள்ளை மேல போடுவம். வேற என்ன இருக்கு?" பகலில் பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவில். உத்தரத்தில் வரிசையாக ஏணைகள். பார்த்துக்கொள்ள ஒரு கிழவி. தாய்மார் இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். போர்வை மலையில், பிள்ளை காம்பராவில். ஒரே கம்பளி தாய்க்கு மழைக்கோட்டாகவும் சேய்க்குப் போர்வையாகவும் இருந்தால் பகலெல்லாம் சேய்க்குப் போர்வை இல்லை என்பதுதான் கணக்கு.

1948-இல் இலங்கை அரசு இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சின்னப்பாட்டி குடும்பம் நீலகிரிக்கு வந்தது. மறுபடியும் தேயிலை, மறுபடியும் குளிர்.

இந்தியாவில் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பிடம் வேண்டும் என்றது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு தரும்படி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. வேலையாளின் உடம்பு கெடாதிருக்கக் கம்பளி. பிள்ளைக்கென்று ஒரு முழம்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. இந்தக் குறையைத் துணியால் மட்டும் அடைக்க முடியாது, கூலி வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டும், சிறையிலிருந்தவர்களை விடச் சொல்லியும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று ஒன்றரை வயதுக் குழந்தை. தாயின் இடுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைக்கு நாம் கோடி போட்டோம்.

பிள்ளைபெற்றவளின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அம்பேத்கர் 1928-இலேயே பம்பாய்ச் சட்டசபையில் பேசினார். அவளுடைய உழைப்பில் ஆதாயம் பெறுகிற முதலாளி அந்தச் சுமையில் பங்கேற்க வேண்டும் என்றார். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு சிறுவயதிலேயே இறந்துபோயின. கடைசி மகன் ராஜரத்னா போனது 1926-இல். அதற்கு இரண்டு வருசம் கழித்துப் பேசிய பேச்சு இது. 1929-இல் பம்பாயிலும் 1930-களின் நடுவில் சென்னை மாகாணத்திலும் பேறுகாலச் சட்டங்கள் வந்தன. அவை ஆலைக்காரிகளுக்கு. நாற்று நட்ட வயலிலேயே வலி கண்டவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. 1987-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பேரிலான உதவித்திட்டம்தான் அவள் பக்கம் திரும்பியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என்று தொகை ஏறியது.

2015 செப்டம்பரில் அரசு மருத்துவமனைகளில் குழந்தைப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 16 பொருள்கள். துண்டு, சட்டை, குட்டி மெத்தை, கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம். என் தம்பி பெண்டாட்டிக்கும் ஒன்று கிடைத்தது. அதே ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்க, ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு ரேட்டு என்று காசும் கேட்டார்கள். கேட்டவளும் நம் தெருக்காரிதான், ஒப்பந்தக் கூலிக்கு ரத்தத்துணி அள்ளுகிறவள். யாரை வைய?

பெட்டகத்தைப் பிரித்துக் காட்டினோம். சின்னப்பாட்டி அந்தத் துண்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இத சம்பளத்துல புடிப்பாகளா?"

கண்டிச்சீமையின் பற்று வரவு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. பிடிக்க மாட்டார்கள், இது உன் கொள்ளுப்பேத்திக்கு உரிமைப்பட்டது என்று சொன்னோம். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. ஏனென்றால் இதுவரை யாரோ கொடுத்துத்தான் வந்திருக்கிறது. பண்ணையார் கொடுத்த சாக்கு, கங்காணி கொடுத்த கம்பளி, அரசாங்கம் கொடுத்த பெட்டி. யாரும் கொடுக்காமல், யார் கணக்கிலும் பற்று ஏறாமல் பிள்ளைக்குக் கிடைத்தது தாய் தன் இடுப்பிலிருந்து கிழித்த சேலை மட்டும்தான். என் பிள்ளைக்கு இந்தப் போர்வை வேண்டும், அது வேண்டாம் என்று கடையில் நின்று சொல்லுமளவுக்கு அவள் கையில் கூலி இருக்கிற நாளில்தான் தேர்ந்தெடுப்பது என்ற வார்த்தை நம் தெருவுக்கும் வந்து சேரும்.

இதைப் படிக்கிற தோழர்கள் உங்கள் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். நான் பிறந்தப்ப என்னை எதுல சுத்துன? சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அவள் இருக்கும்போதே எழுதுங்கள்.