ஒரு வாத்தியாரும் சட்டாம்பிள்ளையும்



ஆசிரியர் வேலைக்குப் போயிருக்கும் உங்களில் பலர் என்னிடம் சொல்வது, "நேரமே போதவில்லை ஐயா" என்பதுதான். இது பழைய கவலை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார். எல்லாப் பிள்ளைகளிடமும் அவரால் உட்கார முடியாது. அதனால் மூத்த பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவதும் பாடம் ஒப்புவிக்கக் கேட்பதும் அவன் வேலை.

1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்றார் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அதைச் செய்யத் தயங்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவியது.

ஆனால் மனப்பாடம் கேட்கச் சிறுவனால் முடியும்; ஒரு பிள்ளை ஏன் திரும்பத் திரும்பத் தவறு செய்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? 1846இல் இங்கிலாந்து, 13 வயது நிரம்பியவர்களுக்கு ஐந்தாண்டு ஆசிரியர் பயிற்சி தரும் முறைக்கு மாறியது.

நம் 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத்துக்குத் தயார் செய்வதும் அதில் அடக்கம். அதாவது, தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

எனவே, நோட்டு வாங்கி அடுக்குவதையும் ஒப்புவிக்கக் கேட்பதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். பின்தங்கிய பிள்ளையின் அருகில் உட்காரும் பத்து நிமிடத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.